ஓர் ஆள் குறைகிறது

"பிடி, பிடி! கதவைப் பிடி!"

டெல்மர் ஹாவர்காம்ப் பள்ளிக்கூட வாசலின் உறைபனியில் சறுக்கிக்கொண்டே ஓடினார். ஏழு அடித்துவிட்டால் உள்ளே விடமாட்டார்கள். அமெரிக்காவின் அயோவாவில் காக்கஸ் என்னும் வேட்பாளர் தேர்வுக் கூட்டம் நடக்கும் நாளில் இந்த விதிக்கு மட்டும் சலுகையே கிடையாது. மூடப்போன கதவின் இடுக்கில் பூட்ஸ் காலை நுழைத்தார்.

"யாருய்யா இது, டெல்மரா?" கதவைப் பிடித்திருந்த பன்றிப்பண்ணைக்காரர் ரஸ் டிட்மார் கண்ணைக் கசக்கினார். "இன்னிக்குச் சூரியன் எந்தப் பக்கம் உதிச்சுது?"

"வழி விடு. மூச்சு வாங்குது."

ரஸ்ஸின் ஆச்சரியத்தில் நியாயம் இருந்தது. டெல்மர் எந்தக் கட்சியிலும் சேராத மனிதர். ஓட்டுப் போடும் வயது வந்த நாளிலிருந்தே அப்படித்தான். இன்று உள்ளே வர வேண்டுமானால் கட்சியில் பெயர் பதிந்தாக வேண்டும். பதிந்தார். "நாளைக்கே எடுத்துடுவேன்" என்று பதிவு மேஜைக்காரியிடம் சொல்லிவிட்டுத்தான் பதிந்தார்.

உள்ளே விளையாட்டுக்கூடத்தில் ஓட்டுச் சீட்டும் கிடையாது, பெட்டியும் கிடையாது. யாரை ஜனாதிபதி வேட்பாளராக்க வேண்டுமோ அவருடைய மூலையில் போய் ஊரறிய நிற்க வேண்டும். நூற்றுக்குப் பதினைந்து பேராவது சேராத மூலை கலைந்துவிடும். அதற்குள் ஆள் பிடிக்கலாம். கெஞ்சலாம், சண்டை போடலாம், தின்பண்டம் காட்டியும் இழுக்கலாம்.

கூடைப்பந்து வளையத்தின் கீழே கவர்னர் ஹோல்கேட்டுக்குப் பெருங்கூட்டம். மேடையோரம் செனட்டர் அமாரோவுக்கு ஒரு சின்னக் கூட்டம். அதை நடத்துகிறவள் கழுத்தில் அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு தலைகளை எண்ணிக்கொண்டிருந்தாள். ஜோலீன், டெல்மரின் ஒரே மகள்.

அவரைப் பார்த்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். போன வசந்தத்தில் அம்மாவைப் புதைத்த நாளிலிருந்து அவளிடமிருந்து அவருக்குக் கிடைத்தது இந்தத் திருப்பல் ஒன்றுதான்.

டெல்மர் போய் 'முடிவு செய்யாதவர்கள்' பெஞ்சில் உட்கார்ந்தார். அந்தப் பெஞ்சில் அவர் ஒருவர்தான்.

முதலில் ரஸ் வந்தார், கையில் தட்டோடு. "எங்க பக்கம் வா. என் வீட்டுக்காரி செஞ்ச வேர்க்கடலை மிட்டாய் பார். தின்னுட்டுக் கொள்கை பேசுவோம்."

"உங்க கவர்னர் தானியக் கிடங்குக்கு வந்தப்போ ஒரு கேள்வி கேட்டேன் ரஸ். உங்க எதிராளி சொல்றதுல எது சரின்னு."

"என்ன சொன்னார்?"

"சிரிச்சார். தோள்ல தட்டினார். அடுத்த ஆளுக்குக் கை குடுக்கப் போயிட்டார்."

"எதிராளியைப் புகழச் சொல்றியா?"

"புகழ வேணாம்யா. அந்தாளுக்குக் காது இருக்கான்னு பார்த்தேன்."

"சரி, அமாரோ?"

"அந்தம்மா ரொம்ப நேரம் யோசிச்சாங்க. எண்ணெய்க் குழாய் விஷயத்துல ஹோல்கேட் சொன்னதுதான் சரி, நான்தான் சபையில தப்பாக் கை தூக்கிட்டேன்னாங்க. அவங்க வரித் திட்டம் எனக்குச் சுத்தமாப் பிடிக்கல. ஆனா அந்தப் பதில் பிடிச்சுது."

"அப்புறம் இங்க எதுக்குய்யா தனியா உக்காந்திருக்க?"

முடிவு செய்யாதவனிடம் ஒவ்வொரு மூலையின் தலைவரும் வந்து பேசியாக வேண்டும், இங்கே வழக்கம் அது. அந்த வழக்கத்தை நம்பித்தான் டெல்மர் பனியில் விழுந்து எழுந்து ஓடி வந்திருந்தார். ஜோலீன் வந்து பேச வேண்டும். எதையாவது.

"கவனிங்க!" ஒலிபெருக்கி கரகரத்தது. "அமாரோ பக்கம் ஓர் ஆள் குறையுது! பத்து நிமிஷத்துல சேரலைன்னா மூலை கலையும்!"

கூடம் முழுவதும் திரும்பிப் பெஞ்சைப் பார்த்தது.

"போடி" என்று பள்ளி நூலகர் இங்க்ரிட் ஜோலீனின் முதுகைத் தள்ளினாள். "உங்கப்பாதானே, கடிச்சா தின்னுடப் போறார்?"

ஜோலீன் வந்தாள். இரண்டடி தள்ளி நின்றாள்.

"வணக்கம் சார். செனட்டரோட மருத்துவத் திட்டம் பத்திக் கொஞ்சம் சொல்லலாமா?"

சார்.

"சொல்லும்மா" என்றார் டெல்மர். அவள் மனப்பாடமாக ஒப்பித்தாள். அவர் அந்தக் குரலைக் கேட்டே வருஷம் ஆகப்போகிறது. முடிந்துவிடக் கூடாதே என்று ஒரு கேள்வி கேட்டார். இன்னொன்று கேட்டார். மூன்றாவதில் அவள் உடைந்தாள்.

"போதும். அம்மாவையும் இப்படித்தானே எடை போட்டீங்க?"

அவள் அம்மா வெர்னா மாவட்ட வாரியத் தேர்தலில் நின்று, எதிர்த்து நின்ற கிரெக்கிடம் ஒரே ஒரு ஓட்டில் தோற்றவள். அன்றைய சாப்பாட்டு மேஜையில் ஜோலீன் 'நீங்க யாருக்குப் போட்டீங்க?' என்று விளையாட்டாகத்தான் கேட்டாள். டெல்மருக்குப் பொய் வராது. 'கிரெக்குக்குத்தான் போட்டேன்' என்றார். வசந்தத்தில் வெர்னா போய்ச் சேர்ந்தாள். புற்றுநோய் தின்றது பாதி, அந்தத் தோல்வி தின்றது பாதி என்பது மகளின் கணக்கு.

டெல்மர் எழுந்தார். "உங்க மூலைக்கு வர்றேன். அமாரோதான் சரியான ஆள்னு படுது. உனக்காக இல்ல."

உனக்காகத்தான் என்று ஒரு வார்த்தை பொய்யாகவாவது சொல்லியிருக்கலாம். அவருக்கு அது தெரியாமல் போனது.

ஜோலீனின் முகம் வெளுத்தது. கழுத்து அட்டையைக் கழற்றி இங்க்ரிட்டின் கையில் திணித்தாள். "அவர் உள்ள வந்தா நான் வெளிய."

"பைத்தியமா உனக்கு? பழையபடி ஓர் ஆள் குறையும்டி! மூணு மாசமா வீடு வீடாப் படியேறினியே!"

"குறையட்டும். எங்கம்மாவைத் தோக்கடிச்ச ஓட்டுல நான் ஜெயிக்க வேணாம்."

அவள் கதவை நோக்கி நடந்தாள். ஒலிபெருக்கி நிமிஷம் சொன்னது. டெல்மர் மேலங்கியை விட்டுவிட்டு ஓடினார், வந்தபோது ஓடியதைவிட வேகமாக. கதவுக்கு முன்னால் கையை விரித்து நின்றார்.

"தள்ளுங்க."

"வெர்னாவுக்கு வாக்குக் குடுத்திருக்கேன். சொல்லக் கூடாது."

"என்னத்தை?"

அவர் தலை குனிந்தது. பெரிய ஆள், சோளத்தட்டை மாதிரி நிமிர்ந்தே நின்றவர். ஊர் இதுவரை பார்க்காத குனிவு.

"தேர்தலுக்கு முன்னாடி அக்டோபர்லயே டாக்டர் புற்றுநோய்னு சொல்லிட்டார். ஓட்டுச் சீட்டு அச்சாயிடுச்சு, பேரை எடுக்க முடியாது. யாரும் பாவம் பார்த்துப் போட்டுடக் கூடாது, கிறிஸ்துமஸ் வரைக்கும் உனக்கும் தெரியக் கூடாதுன்னு உங்கம்மா சொன்னா. வண்டில ஓட்டுச் சாவடிக்குப் போற வழியில கேட்டா, 'என்னங்க, நீங்கதான் எல்லாரையும் எடை போடுவீங்களே. நாலு வருஷ நாற்காலிக்கு, ஆறு மாசம் இருக்கப்போற ஆளு சரியா?'ன்னு."

"நீங்க..."

"சரியில்லன்னேன். என் கையைப் பிடிச்சுக்கிட்டா. உள்ள போனோம்." டெல்மரின் கைகள் மெல்லத் தாழ்ந்தன. "அவளும் கிரெக்குக்குத்தான் போட்டா, ஜோலீன்."