வயிற்றுக்குக் குறுக்கே

வேலம்பாளையத்துல எங்க பக்கத்து ஊட்டுக் காசிமாயன் பெரிய வீரனுங்க. பனியன் கம்பெனில சூப்பர்வைசர் திட்டுனா தலையத் தொங்கப் போட்டுக்குவான். வீரமெல்லாம் ஏழு மாசக் கர்ப்பிணி, அவன் பொண்டாட்டி நாகஜோதிகிட்டதான்.

வளைகாப்பு முடிஞ்ச மறுநாளே அடிச்சான். வளையல் நொறுங்குற சத்தம் கேட்டு ஓடுன நான், ரெண்டு பேரையும் ஆட்டோவுல ஏத்தி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். அங்க அவன்தான் முந்திக்கிட்டு நர்ஸுகிட்டக் கைய நீட்டுனான். தொரைக்கு விரல் முட்டி கிழிஞ்சிருச்சாம்! வீங்குன மூஞ்சியோட அவ பெஞ்சுல உக்காந்திருந்தா.

"பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டா. தூக்கப்போன என்னையத் தகரம் கீறிருச்சு"ன்னான்.

நர்ஸம்மா இடுக்கியால அந்தக் காயத்துல இருந்து பச்சைக் கண்ணாடித் துண்டு ஒண்ண எடுத்தாங்க. "இதுதான் தகரமா?"

நாகஜோதிதான் சொன்னா: "வயித்துல குத்த வந்தாரு சிஸ்டர். வளையல் கையக் குறுக்க வச்சுட்டேன்."

நர்ஸம்மா அவன் கைய அப்படியே விட்டுட்டு, அவ வயித்துல குழலை வச்சுக் கொழந்தையோட துடிப்பத் தேடுனாங்க.

பின்னால இருந்து வீரன் கேக்கறான்: "சிஸ்டர், எனக்குக் கட்டு?"