ரோஸ் மருந்து

மசூகே டாக்டரின் அறை வாசலில் விடியும்போதே கூட்டம் சேர்ந்துவிடும். விக்டோரியா ஏரிக்கரையிலிருந்து பிள்ளைகளை முதுகில் துணியால் கட்டிக்கொண்டு வரும் பெண்கள். எல்லோருக்கும் வேண்டியது ஒன்றுதான்: ரோஸ் நிறத்தில் இருக்கும் அந்த ஆன்டிபயாடிக் சிரப்.

அன்று கருவாடு விற்கும் கபுலா வந்தாள். அவள் மகள் லிமிக்கு இரண்டு வயது. மூக்கு ஒழுகியது, அவ்வளவுதான்.

"வெறும் சளிதான், லிமி அம்மா. தானா சரியாப்போயிடும். கஞ்சி குடுங்க."

"கஞ்சி எங்க வீட்லயே இருக்கு டாக்டர். அதுக்கா படகு ஏறி வந்தேன்? போன தடவ மருந்து குடுத்தீங்க, மறுநாளே எந்திரிச்சு ஓடுனா."

"அதுவும் தானா சரியானதுதான்."

"இன்னிக்கு டாக்டர் கஞ்சனாயிட்டாரு" என்றாள் வரிசையில் நின்ற ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். மசூகே எழுதிக் கொடுத்தார். வாதாடுவதைவிட எழுதுவது சீக்கிரம் முடியும். லிமிக்கு வந்த ஒவ்வொரு சளியும் இப்படித்தான் முடிந்தது.

மழைக்காலத்தில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. இந்த முறை மூக்கு ஒழுகவில்லை. சிறுநீர் கழிக்கும்போது அலறினாள். சிரப் பலிக்கவில்லை. வார்டில் சேர்த்து ஊசி போட்டார்கள். ஊசியை மாற்றியும் பார்த்தார்கள். பிள்ளை கண் திறப்பதையே விட்டுவிட்டது. நகரத்துக்கு அனுப்பிய சிறுநீர்ப் பரிசோதனையின் முடிவை அங்கே லேபில் வேலை பார்க்கும் ஹவா போனில் சொன்னாள்.

"உங்ககிட்ட இருக்குற எந்த மருந்துக்கும் இந்தக் கிருமி சாகல டாக்டர். தேவையில்லாம குடுத்துக் குடுத்து எல்லாத்துக்கும் பழகிடுச்சு. ஒரே ஒரு மருந்துக்குத்தான் கேக்கும், அது இங்கதான் இருக்கு. ஆனா காதைக் கெடுத்தாலும் கெடுத்துடும். பிள்ளைய உடனே அனுப்புங்க."

இதைக் கபுலாவிடம் சொல்லும்போது மசூகேயால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"காது போனாப் போகட்டும். உசிரு இருந்தாப் போதும்" என்றாள் அவள். பிறகு குரல் இறங்கியது. "நான் கேட்டுக் கேட்டு வாங்குன மருந்தாலயா டாக்டர்?"

"நீங்க கேட்டீங்க. எழுதுனது நான்."

லிமி பிழைத்தாள். திரும்பி வந்த அன்று கபுலா அவளை மசூகேயின் முன்னால் இறக்கிவிட்டு, பின்னால் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். கை தட்டினாள். பிள்ளை சுவரில் ஊர்ந்த எறும்பையே பார்த்துக்கொண்டிருந்தது.

அதே வாரம் ஏரிக்கரையிலிருந்து ஒரு கைக்குழந்தை வந்தது. அதே காய்ச்சல், அதே அலறல். எந்த ஊசிக்கும் இறங்கவில்லை. தாய்ப்பாலைத் தவிர வேறெதையும் குடித்தறியாத குழந்தை அது. மருந்துக்குச் சாகாத கிருமி ஆள்விட்டு ஆள் தொற்றத் தொடங்கிவிட்டது என்று மசூகேக்குப் புரிந்தது.

மறுநாள் மூக்கு ஒழுகும் மகனோடு வந்தவளிடம், "மருந்து எழுத மாட்டேம்மா" என்றார்.

அவள் சண்டை போடவில்லை. "பரவால்ல டாக்டர். எதிர்ல இருக்குற மருந்துக்கடையில டாக்டர் சீட்டே கேக்க மாட்டான்" என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள்.

மசூகே எழுந்து வெளியே ஓடினார். கடை முன்னால் ஏற்கெனவே கூட்டம் நின்றது.