சிக்னலில் நின்ற கார்

"போலீஸ் தொரத்திகினு வருதுண்ணா! இன்னாத்துக்கு சிக்னல்ல நிக்கிற? அதுவும் திருட்டு வண்டிய வெச்சிகினு!"

"ஆளுங்க தாண்டிகினு கீறாங்களே, கண்ணு தெர்ல? போலீசும் செத்த நேரம் நிக்கட்டும்."

பதினைந்து வருடத்துக்கு முன் ராயபுரத்து பிரவுசிங் சென்டரில் கம்ப்யூட்டர் கேம் ஆடும்போது பேசியது. ஐஸ் பெட்டியில் கிடந்த அண்ணன் அசோகனின் காலருகே உட்கார்ந்திருந்த மதிக்கு அது இப்போது ஞாபகம் வந்து தொலைத்தது. உதடு விரிந்துவிட்டது. சட்டென்று துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கொலை, கொள்ளை என்று எல்லோரும் வெறியாக ஆடிய அந்த கேமில் அசோகன் செய்ததெல்லாம் ஒன்றுதான். ஒரு காரைத் திருடுவான். கடற்கரைச் சாலையில் மெதுவாக ஓட்டிக்கொண்டே இருப்பான். கன்டெய்னர் யார்டில் ஆறு நாள் மாடாய் உழைத்தவனுக்கு, ஞாயிற்றுக்கிழமை கிடைத்த ஒரு மணி நேரம் அது. பக்கத்து நாற்காலி மதிக்கு. 'ஒரு தபா நான் ஓட்டவா?' என்று நாக்கு நுனிவரை வரும். காய்த்துப்போன அந்த விரல்கள் கீபோர்டைப் பூப்போல அழுத்துவதைப் பார்த்ததும் விழுங்கிவிடுவாள்.

"நீ நெஜக் கார் ஓட்டு மதி. நான் பக்கத்துல குந்திகினு வரேன்" என்பான் அவன்.

நிஜக் கார் போன வருடம் வந்தது. அதில் அவனை அவள் ஏற்றவேயில்லை.

ஒரு நாள் கார் தேரடி சிக்னலில் நின்றபோது, கிரீஸ் அப்பிய சட்டையோடு ஓரத்தில் நின்றிருந்த அசோகன் பல்லெல்லாம் தெரியக் கையசைத்தான்.

"யாருப்பா அது?" என்றாள் பக்கத்து சீட்டில் இருந்த ஆபீஸ் தோழி ஜெரினா.

"எங்க ஏரியா ஆளு" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியை ஏற்றினாள் மதி. ஏறும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், தூக்கிய கை தூக்கியபடியே நின்றது.

சாயங்காலம் போன் செய்தான். "கோட்டுக்கு இந்தாண்டையே கரெக்டா நிப்பாட்டின மதி. சூப்பர்." அவ்வளவுதான். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

முந்தாநாள் யார்டிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டான்.

மாலையோடு வந்த ஜெரினா, சுவரில் சாய்த்திருந்த போட்டோவையும் மதியையும் மாறி மாறிப் பார்த்தாள். மதி தலையைக் குனிந்துகொண்டாள்.

"தூக்குங்கப்பா!" என்றார் பரசுராமன் மாமா. மேளம் அதிர, அசோகனை வண்டியில் ஏற்றினார்கள். "பொம்பளைங்க தெருமுனையோட நின்னுக்கங்க."

எல்லாப் பெண்களும் நின்றார்கள். மதி நிற்கவில்லை. நேராக முன்பக்கம் போனாள். டிரைவர் கோதண்டம் சாவியைத் திருகப்போனவர், கதவருகே அவளைப் பார்த்துக் கையை எடுத்தார்.

"இன்னாம்மா?"

கைப்பையிலிருந்து லைசென்சை எடுத்து நீட்டினாள். மேளத்தையும் மீறி, பின்னால் நிற்கும் ஜெரினாவுக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்:

"உள்ள கீறது எங்கண்ணன். ஒரு தபா நான் ஓட்டவா?"