புல் சாய்ந்த பக்கம்

மேலே மலைச்சரிவு உடைந்து சேற்று வெள்ளம் இறங்கியபோது, யோகேந்திரன் தேயிலை ஆலையில் வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பிக்கொண்டிருந்தான். ஓடைமேல் இருந்த சின்னப் பாலத்தோடு அவனையும் வெள்ளம் வாரிக்கொண்டு போயிற்று. மோட்டார் மறுநாளே கிடைத்துவிட்டது. அவன்தான் கிடைக்கவில்லை.

டோரீன் அதே எஸ்டேட்டில் பிறந்தவள். ஓடைகளை ஆராயும் குழு ஒன்றில் வேலை. மாதாமாதம் வந்து ஓடையின் குறுக்கே நாடாவைக் கட்டி ஆழம் பார்ப்பாள். இரும்புக் கம்பியைக் குத்தி, அடியில் எவ்வளவு மண் படிந்திருக்கிறது என்று அளப்பாள். கற்களுக்கு மஞ்சள் சாயம் பூசிப் போட்டு, மழை ஓய்ந்ததும் அவை எங்கே போய்த் தங்கின என்று தேடுவாள். இந்த முறை வெள்ளம் செய்த சேதத்தை அளக்க வந்தவளை, யோகேந்திரனின் மனைவி சீதா வழியிலேயே மறித்தாள்.

"அக்கா, இந்த ஓடை எத எங்க கொண்டுபோய்ப் போடுதுன்னு நீங்கதானே பாக்குறீங்க? அவர எங்க போட்டுச்சு, சொல்லுங்கலா."

டோரீன் கையிலிருந்த கம்பியை மண்ணில் ஊன்றினாள். "கல்லும் மனுசனும் ஒண்ணு இல்ல சீதா. நான் சொல்றது தப்பாப் போயிடலாம்."

"போனாப் போகட்டும். நாளைக்குத் தேடுறத நிறுத்தப் போறாங்களாம்."

தேடுதல் குழுவின் தலைவர் செல்லையா களைத்துப் போயிருந்தார். "எங்க தோண்டணும்னு காட்டுங்க. ஆளுங்க இருக்காங்க" என்றார்.

மூங்கில் புதருக்குக் கீழே, சரளை மேட்டில் மஞ்சள் கற்கள் சில தென்பட்டன. அந்த இடத்தைத்தான் டோரீன் காட்டினாள். வெகுநேரம் குத்திப் பார்த்தார்கள், தோண்டிப் பார்த்தார்கள். வெறும் கல்தான். சீதா கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வீண் ஆசை காட்டிவிட்டோமே என்று டோரீன் தன்னையே நொந்துகொண்டாள்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு எதிர்க்கரையைப் பார்த்தாள். ஓடை நெடுகிலும் புல் பள்ளத்தைப் பார்த்துப் படுத்திருந்தது. பெரிய பாறைக்குப் பின்னால் மட்டும் மேட்டைப் பார்த்துச் சாய்ந்திருந்தது. அப்படியானால் வெள்ளம் பாறையில் மோதி, அங்கே திரும்பிச் சுழன்றிருக்கிறது. கல் ஓடையின் அடியில் உருண்டு போயிருக்கும். மிதந்து வந்தது அந்தச் சுழலில் சிக்கி, சேறு இறுகியதும் அங்கேயே தங்கியிருக்கும்.

"செல்லையாண்ணே! இந்தப் பக்கம் வாங்க!"

பாறைக்குப் பின்னால் குத்திய கம்பி எதிலும் தட்டாமல் இறங்கியது. சற்றுத் தள்ளி மறுபடி குத்தினாள். எதிலோ மெத்தென்று பட்டு நின்றது. கம்பியைச் செல்லையாவிடம் கொடுத்துவிட்டு விலகி நின்றாள். மண்வெட்டிகளை ஒதுக்கிவிட்டு, ஆட்கள் கைகளாலேயே சேற்றை வாரினார்கள். நீல மழைக்கோட்டின் கை தெரிந்தது.

யாரும் கூப்பிடும் முன்பே சீதா இறங்கி வந்துவிட்டாள். அழவில்லை. தண்ணீர் கேட்டாள். டோரீன் தன் போத்தலைத் திறந்து ஊற்ற ஊற்ற, கணவன் முகத்தின் சேற்றைத் தன் கையாலேயே கழுவினாள். காதோரம், புருவம், உதடு என்று ஒவ்வொன்றாக. அதன் பிறகுதான் அவள் உடம்பு குலுங்கியது.

செல்லையாவின் ஆட்கள் அவனைத் தூக்கினார்கள். சீதா டோரீனின் கையைப் பற்றிக்கொண்டாள்.

"நீங்களும் வாங்கக்கா. வீட்டுல எல்லாரும் இவருக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்காங்க."

டோரீன் சாமான்களைக் கரையிலேயே போட்டுவிட்டு, அவளைத் தாங்கிப் பிடித்தபடி தேயிலைச் சரிவில் ஏறினாள்.