இணைத்த நகல்

சினிமாவுக்குக் கணினியில் முப்பரிமாண உருவங்கள் செய்வது எங்கள் வேலை. அதில் ஒரு பொருளை நகலெடுக்க இரண்டு வழி உண்டு. ஒன்று தனி நகல்: மூலத்தோடு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. நகலின் மூக்கை உடைத்தாலும் மூலம் அதுபாட்டுக்குச் சிரித்துக்கொண்டிருக்கும். இன்னொன்று இணைத்த நகல்: ஒன்றைத் தொட்டால் அத்தனையும் மாறும். நூறு நாற்காலி போட அது சௌகரியம். முகத்துக்கு ஆகாது. இதைப் பத்து வருஷமாகப் புதியவர்களுக்கு ஓதிய மடையன் நானே அந்தத் தப்பைச் செய்தேன்.

அக்கா படுக்கையில் கிடந்த மூன்று மாதமும், பக்கத்தில் உட்கார்ந்து கணினியில் அவள் முகத்தைச் செய்தேன். பாதி முகத்தைச் செய்து, மறுபாதியைக் கண்ணாடிப் பிம்பமாக எடுத்துக்கொள்வது வழக்கம். அவள் விடவில்லை.

"ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வெச்சேன்னா அது நான் இல்லடா."

இடது புருவம் சற்று மேலே. மூக்கு வலப்பக்கம் ஒரு மயிரிழை சாய்வு. எல்லாம் கையால் செய்தது. போட்டோ என்றாலே ஓடி ஒளிகிறவள். அடையாள அட்டையில் கட்டைவிரல் அளவு மங்கலான படம் ஒன்றுதான் மிச்சம். அவள் போய் ஒரு வருஷம் ஆகிறது.

போன வாரம் ஒரு படத்தின் அரங்கக் காட்சிக்குப் பார்வையாளர்களாக நானூறு பேர் தேவைப்பட்டார்கள். எங்கள் மேலாளருக்கு நாங்கள் வைத்த பெயர் 'அவசரம்'.

"மத்தியானத்துக்குள்ள வேணும். ஏதாவது ஒரு மூஞ்சிய எடுத்து நிரப்பு," என்றார்.

என் கை அக்காவின் கோப்பைத் திறந்தது. அவளும் கூட்டத்தோடு உட்கார்ந்து எதையாவது பார்க்கட்டுமே என்று தோன்றியது, அதுதான் நிஜம். அங்கேயே ஒரு நகல் எடுத்து, ஆள் அடையாளம் தெரியாதபடி கன்னத்தை உப்பவைத்து மூக்கை நிமிர்த்தினேன். சேமித்தேன், மூடினேன், சாப்பிடப் போனேன்.

திரும்பி வந்து திறந்தால் மூலத்திலும் யாரோ ஒருத்தி. நான் எடுத்தது இணைத்த நகல். சேமித்து மூடிய கோப்பில், செய்ததை ரத்துசெய்து பின்னால் போக வழியில்லை. வேறு எங்கேயும் அதை இன்னொரு பிரதியாகப் போட்டுவைக்க எனக்கு மனசு வந்ததில்லை.

பழைய முகத்தைத் திரும்பக் கொண்டுவர நான்கு நாள் மல்லுக்கட்டினேன். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு பெண்கள் வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை அம்மா வருவாள். வந்தால் திரையில் மகளைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். பயமாக இருந்தது. அதைவிட அதிகமாக அவளைத்தான் நம்பியிருந்தேன். பெற்றவளுக்குத் தெரியாதா? எங்கே தப்பென்று சொல்வாள், வாங்கிக் கட்டிக்கொண்டு திருத்திவிடலாம்.

அம்மா வந்தாள். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"மூக்கப் பாரும்மா. சரியா இருக்கா?"

"மூக்குக்கு என்ன? அவ மூக்குதான்."

"புருவம்? நல்லாப் பாத்துச் சொல்லு."

"அப்படியே இருக்காடா," என்று திரையைத் தடவிக்கொடுத்தாள்.

 அம்மாவும் மறந்துவிட்டாள். இனி நான் யாரிடம் போய்க் கேட்பேன்?