மகன் என்ற வரி

பெற்ற பிள்ளையை மகன் என்று சொல்ல விலை நூற்றைம்பது. பத்திரிகைக்காரர்கள் விளம்பரத்துக்கு வரிக்கு வாங்கும் கூலி அது.

அப்பா அண்ணன்மேல் வழக்குப் போட்டிருந்தார். இரும்புக் கடை இருவர் பெயரிலும் இருந்தது. முழுவதும் தனக்கே என்பது அவர் வாதம். அண்ணன் சண்டை போட்டுக்கொண்டு போய் ஆறு வருஷம். அதிலிருந்து வீட்டில் அவன் பெயரை யாரும் எடுப்பதில்லை. அவன் கோர்ட்டுக்கு வராவிட்டால் கடை சுளையாக அப்பாவுக்கு. ஆனால் முறையாகக் கூப்பிடாமல், வரவில்லை என்று சொல்ல முடியாதாம். சம்மன் கொடுக்கும் கோர்ட்டு அமீனா அவனுடைய பழைய அறைக்கு இரண்டு தடவை நடந்தார், பூட்டு. கதவில் ஒட்டினார், பசை காய்ந்ததுதான் மிச்சம். கடைசியில் நீதிபதி, பேப்பரில் போட்டுக் கூப்பிடுங்கள், செலவு உங்களுடையது என்று உத்தரவிட்டார்.

எனக்கு வாய் பிளந்துவிட்டது. எதிராளியை நம் கைக்காசில் வரவழைக்கிற வியாபாரத்தை நான் எந்தச் சந்தையிலும் கண்டதில்லை.

பத்திரிகை அலுவலகத்தில் விளம்பரம் வாங்கும் பெண் வரிகளை எண்ணினாள். ஆணி வாங்கினாலும் எடைக்கல்லைத் தூக்கிப் பார்க்கிறவர் அப்பா. ‘இன்னாருடைய மகன்’ என்ற வரியில் விரலை வைத்தார்.

“இதை எடுத்துடும்மா. ஒரு வரி மிச்சம்.”

“கோர்ட்டு எழுதிக் குடுத்தது சார். ஒரு புள்ளிகூட எடுக்க முடியாது. யாரோட பிள்ளைன்னு போடலேன்னா யாரைக் கூப்பிட்டதா ஆகும்?”

அப்பா பேரம் பேசவில்லை. அந்த வரியை விரலால் தடவி இன்னொரு முறை படித்தார்.

“அதை மட்டும் கொட்டை எழுத்துல போடலாமா?”

“ரெண்டு மடங்கு ஆகும்.”

“போடு.”

வழக்கு வந்த நாளில் டவாலிச் சேவகர் கோர்ட்டு வாசலில் நின்று, அண்ணன் பெயரை அப்பா பெயரோடு சேர்த்து மூன்று முறை கூவினார். எங்கள் வீட்டுச் சுவர்கூட மறந்துபோன பெயர் அந்த உயரமான கூரையில் மோதித் திரும்பியது. நீதிபதி முதல் குமாஸ்தா வரை அத்தனை பேரும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவன் ஒருவனுக்காகக் காத்திருந்தார்கள்.

மூன்றாவது கூவலுக்குப் படியில் செருப்புச் சத்தம் கேட்டது. அண்ணன்தான். காதோரம் நரைத்திருந்தது. பாதிக் கடை போயிற்று என்று நான் மனக்கணக்குப் போட்டேன். அப்பா அவனை உச்சி முதல் உள்ளங்கால் வரை எடை போட்டு, “இளைச்சுட்ட” என்றார்.

வாய்தா வாங்கிக்கொண்டு வெளியே வந்ததும் அண்ணன் கையை நீட்டினான்.

“கொட்டை எழுத்துல போட்டிருந்தீங்களேன்னு நாலு பேப்பர் வாங்கினேன்ப்பா. கூப்பிட்டது நீங்க. காசு உங்களுது.”

“படிக்க ஒண்ணு போதும்டா” என்று அப்பா ஒன்றுக்கு மட்டும் எண்ணிக் கொடுத்தார்.

மீதியை வசூலிக்க அண்ணன் தினமும் கடைக்கு வருகிறான். மூன்று பேப்பர் காசு பாக்கி.