சின்னி நக்கின சுவர்

கோபம் வந்தா என் வாய் நிக்காது. ஸ்ரீராம்புரத்துல முனியப்பன்னு யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. அன்னிக்கு மட்டும் அடங்கிப் போனேன் பாருங்க, அதுதான் இன்னும் வயிறு எரியுது.

பெங்களூர் சர்க்கார் தோட்டத்துல இருந்த மிருகக் கொட்டடியில எனக்கு வேலை. அங்க ஒரு சிங்கவால் குரங்கு இருந்துச்சு. கருத்த உடம்பு, முகத்தைச் சுத்தி வெள்ளைப் பிடரி. சின்னின்னு கூப்பிடுவேன். ஆகும்பே காட்டுல பிடிச்சது. காட்டுலயே இந்த ஜாதி கொஞ்சம்தான் மிச்சம்னு சூப்பரின்டென்ட் சீனிவாசராகவன் வர்றவங்ககிட்டெல்லாம் பெருமையடிப்பார். அதே மனுஷன்தான் அதுக்கு எமனா வந்தார்.

ஐம்பத்தாறு ஜனவரியில மந்திரி வர்றார்னு தகவல். சின்னியோட கூண்டுக்குப் பின்னால தண்ணித் தொட்டி. அது கசிஞ்சு கூண்டுச் சுவரெல்லாம் பாசி. பெங்களூர்ல எந்தச் சுவர்லய்யா பாசி இல்ல? எங்க வீட்டு கக்கூஸ் சுவர்ல மெத்தை மாதிரி இருக்கு. இந்தப் பாசி சூப்பரின்டென்ட் கண்ணை உறுத்துச்சாம். மயில்துத்தம் கரைச்சு அடிக்கச் சொன்னார். நீல உப்பு, விஷம் அது. சின்னி தட்டுத் தண்ணியைத் தொடாது, காலையில அந்தச் சுவர் ஈரத்தைத்தான் நக்கும்னு சொன்னேன். தேங்காய் நார் போட்டுத் தேய்ச்சு எடுத்துடறேன்னேன். பக்கத்துக் கூண்டுக்காவது மாத்துங்கன்னு கெஞ்சினேன்.

"முனியப்பா, நீ என்ன குரங்குக்கு வக்கீலா? சொன்னதைச் செய். இல்ல, வேலையை விட்டுப் போ."

வீட்ல மூணு பொண்ணுங்க. சுவர்ல துத்தத்தை அடிச்சேன். இந்தக் கையாலதான். அப்புறம் பத்து பக்கெட் தண்ணி ஊத்திக் கழுவினேன். விரிசலுக்குள்ள துத்தம் தங்கிடுச்சு.

மந்திரி வரவே இல்ல. மூணாம் நாள் சின்னி நீலமா வாந்தி எடுத்துச் சுருண்டு கிடந்துச்சு. என் விரலைப் பிடிச்சுக்கிட்டே செத்துச்சு. வயசாகிச் செத்ததுன்னு ரிப்போர்ட் எழுதினார் பாவி. அதுக்கு ஆறு வயசு.

ஜூன் மழைக்குக் காலிக் கூண்டுல, அதே சுவர்ல, பாசி பச்சைப் பசேல்னு வந்துடுச்சு. சூப்பரின்டென்டும் வந்தார். திரும்பத் துத்தம் கரைக்கச் சொன்னார். கரைச்சேன். பக்கெட்டைக் கொண்டுபோய் அவர் காலடியில வெச்சேன்.

"நீங்களே அடிங்க சார். இந்தத் தடவை நக்குறதுக்கு யாரும் இல்ல."

மறுநாளே சீட்டைக் கிழிச்சாங்க. கிழிக்கட்டும். அந்தச் சீட்டை நான் ஜனவரியிலயே வாங்கியிருக்கணும்.